நிலைக் குறிப்பு

இரவு ஏழு மணிக்குப் பெருமாள்புரம் மாடியில்
நான் கணினியைத் திறக்கும்போது
பிலடெல்பியாவில் யாருக்கோ காலைக் காப்பி ஆறுகிறது.
ஏலக் கம்பெனிக்குப் பட்டியல் எழுதும் வேலை.
உருப்படிக்கு இருபத்தெட்டு ரூபாய்,
பிழைக்கு இரண்டு ரூபாய் பிடித்தம்.

இந்த மாதம் முழுக்க எபனேசர் ஹால்க்ராஃப்ட்.
கட்டடக் கலைஞர், நீர்வண்ணமும் தீட்டியவர்,
செத்து இருநூறு வருடம் ஆகப்போகிறது.
பெயரைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன்.
பாளையங்கோட்டையில் தெருவுக்கு ஒரு எபனேசர்,
எங்கள் மேலாளரே ஒரு எபனேசர்தான்.
"நம்ம வகையறா படம்லா, பாத்து எழுதுங்க" என்கிறார்.

படங்களைவிட அவற்றின் நோய்கள்தான் எனக்குப் பழக்கம்.
மேல் விளிம்பில் நீர்க்கறை.
இடது மூலையில் விரற்கடை நீளக் கிழிசல், பின்புறம் ஒட்டியது.
ஆகாயமெங்கும் பழுப்புப் புள்ளிகள்.
நீலம் வெயில்பட்டு வெளுத்திருக்கிறது.

உருப்படி நாற்பத்தேழு: நீதிமன்றம், முன்தோற்றம்.
ஆறு தூண், ஒரு கும்மட்டம்,
வாசலில் பேனா மூடி அளவுக்கு ஒரு மனிதன்.
கட்டப்படவில்லை என்று குறிப்பு.
பணம் சேரவில்லையோ, ஊரார் சம்மதிக்கவில்லையோ.
ஆனாலும் மனுஷன் ஒவ்வொரு தூணுக்கும்
இடமிருந்து விழும் வெயிலைக் கணக்கிட்டு
வலப்பக்கம் நிழல் பூசியிருக்கிறார்,
ஈரம் காயுமுன், ஒரே இழுப்பில்.
கட்டாத கட்டடத்தின் நிழலை
பதினோராயிரம் டாலருக்கு யாரோ எடுத்தார்கள்.
கமிஷன் தனி.

எங்கள் வீடும் ஏலத்தில்தான் இருக்கிறது, பேட்டையில்.
டிப்பர் லாரிக்காக அண்ணன் அடமானம் வைத்தது.
குவாரி மூடியதும் லாரி நின்றது,
வட்டி நிற்கவில்லை.
பத்திரிகையின் ஒன்பதாம் பக்கத்தில் வங்கி அறிவிப்பு:
இரண்டு சென்ட் மனையும் அதில் கட்டிய ஓட்டு வீடும்,
வடக்கே சொரிமுத்து மனை, தெற்கே கிழமேல் தெரு,
இன்ன பிற எல்லைகளுக்கு உட்பட்டது.

புரட்டாசியில் முதல் ஏலம். ஒருவரும் கேட்கவில்லை.
ஐப்பசியில் பத்து சதவீதம் குறைத்தார்கள்.
அன்றைக்கு மழை. அப்போதும் ஆளில்லை.
எனக்கு மூச்சு வந்தது.
அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது.
"ஒருத்தன்கூடவா கேக்கல?
ஏட்டி, நம்ம வீட்டுக்கு அப்படி என்ன கொறச்சல்?"
ஒரு வாரம் வாசலில்
கோலத்தைப் பெரிதாகப் போட்டாள்.

ஹால்க்ராஃப்டிலும் விலைபோகாதவை உண்டு.
ஓர் ஆற்றங்கரை, ஒரு தானியக் களஞ்சியம்,
நாற்காலியில் தூங்கிப்போன அவர் மனைவி.
அவற்றுக்கு நேரே 'கடந்தது' என்று தட்ட வேண்டும்.
'விற்கவில்லை' கூடாது,
அடுத்த முறை விலை இறங்கிவிடுமாம்.

நேற்று வேலை ஓய்ந்த ஒரு மணிக்கு
வங்கி அறிவிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
எங்கள் வீட்டுக்கு நிலைக் குறிப்பு எழுதிப் பார்த்தேன்.
நாட்டு ஓடு, பதினேழு உடைந்தவை.
அடுப்பங்கரைச் சுவரில் போன வெள்ளத்தின் கறை, இடுப்பளவு.
உத்திரத்தில் நீலச் சாக்பீஸில் லாரியின் நம்பர்,
அண்ணன் கையெழுத்து, தேதி இல்லை.
கிழக்கே கிணறு, அடுத்த வீட்டோடு பாதி பாத்தியம்,
சித்திரையிலும் நாலு உறை தண்ணீர்.

அப்போதுதான் கண்ணில் பட்டது.
வங்கியின் அறிவிப்பில் கிணறே இல்லை.

கிணறு உண்டென்று தெரிந்தால் ஆள் வரும்.
தை பிறந்ததும் மூன்றாவது ஏலம்.
அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று திரையை மூடினேன்.
தண்ணீர் குடித்துவிட்டு வந்து திறந்தேன்.
கிழிசல், கறை, ஒட்டு எல்லாம் எழுதிப் பழகிய கை,
இருப்பதை விட்டுவிட்டால் அதற்கும் பிடித்தம்தான்.
'ஐயா, கிழக்கு எல்லையில் பாதிக் கிணறு
விடுபட்டிருக்கிறது. திருத்தவும்.'
அனுப்பியாகிவிட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை.

மூன்று மணிக்குக் கம்பெனி வண்டி இறக்கிவிட்டது.
கண் அசரும் நேரம் கிணற்றில் வாளி விழுந்தது.
எங்கள் பாதியிலா, அவர்கள் பாதியிலா,
படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.